ஏறி இறங்கும் இரத்த அழுத்தமும் மூளையின் நுண்குழாய்களும்

இரத்த அழுத்தம் மிகுந்தால் இதயம் கெடும், சிறுநீரகம் கெடும், பக்கவாதம் வரும் என்பது இன்று பரவலாக அறியப்பட்ட செய்தி. அதே அழுத்தம் மூளையின் ஆழத்தில் ஓடும் மிகச் சிறிய இரத்தக் குழாய்களை ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாகச் சிதைக்கிறது என்பதும், அச்சிதைவு நடைத் தளர்ச்சியாகவும் சிந்தனை மந்தமாகவும் வெளிப்படும்போது வீட்டார் அதை முதுமையின் இயல்பென்று எண்ணி விட்டுவிடுகின்றனர் என்பதும் அவ்வளவாக அறியப்படவில்லை. கடந்த இருபது ஆண்டுகளில் வெளிவந்த ஆய்வுகள் இதனோடு மற்றொன்றையும் சேர்த்துச் சொல்கின்றன. அழுத்தத்தின் சராசரி எவ்வளவு என்பதைப் போலவே, அது வேளைக்கு வேளையும் நாளுக்கு நாளும் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதும் இந்நுண்குழாய்களின் நலத்தோடு தொடர்புடையது.

மலேசியத் தமிழர், குறிப்பாகப் பேராக் மாநிலத் தமிழர், இச்செய்தியைக் கருத்தூன்றி அறிய வேண்டிய காலம் இது. 1877ஆம் ஆண்டு கோலகங்சாரில் நடப்பட்ட இரப்பர் கன்றுகளிலிருந்து தொடங்கிய தோட்டத் தொழில், கிந்தா சமவெளியைச் சுற்றிலும் பல தலைமுறைத் தமிழருக்கு வாழ்வாக இருந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாற்றப்பட்டும் வீடமைப்புப் பகுதிகளாக விற்கப்பட்டும் போனபோது, லயங்களை விட்டு வெளியேறிய குடும்பங்கள் நகர்ப்புறங்களில் குடியேறின. ஈப்போ மாநகரின் வடமேற்கே வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையை ஒட்டிய ஜெலாப்பாங்கும், அதற்கு அண்மையிலுள்ள சிலிபின், புந்தோங் முதலிய வட்டாரங்களும் அத்தகைய குடும்பங்கள் பலவற்றின் இன்றைய இருப்பிடங்கள். இளமையில் மரம் சீவிய தலைமுறை இப்போது அறுபதையும் எழுபதையும் கடந்து நிற்கிறது. நுண்குழாய்ச் சிதைவு வெளிப்படத் தொடங்கும் வயதும் அதுவே.

நாடு தழுவிய எண்கள் இக்கவலைக்கு அடிப்படை உண்டென்று காட்டுகின்றன. மலேசியச் சுகாதார அமைச்சு நடத்தும் தேசிய சுகாதார, நோய்நிலை ஆய்வின்படி, 2023ஆம் ஆண்டில் வயதுவந்தோருள் 29.2 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தம் இருந்தது. அவர்களுள் ஒரு பகுதியினர் தமக்கு அது இருப்பதையே அறியாதிருந்தனர். நுண்குழாய்களைக் கெடுக்கும் மற்றொரு நோயான இனிப்புநீர், 2019ஆம் ஆண்டு ஆய்வில் இந்தியரிடையே 31.4 விழுக்காடாக, பிற இனத்தார் எவரினும் மிகுதியாகக் காணப்பட்டது. 2018ஆம் ஆண்டில் முதியோரை மட்டும் ஆராய்ந்தபோது, அறுபது வயதைத் தாண்டியோருள் 8.5 விழுக்காட்டினரிடம் மறதிநோய்க்கான அறிகுறிகள் தென்பட்டன. இம்மூன்றும் தனித்தனி நோய்களாகப் பேசப்பட்டாலும், இவை சந்திக்கும் இடங்களுள் முதன்மையானது மூளையின் நுண்குழாய்.

ஆழத்தில் ஓடும் குழாய்கள்

உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே உள்ள மூளை, உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் ஏறக்குறைய 20 விழுக்காட்டை எடுத்துக்கொள்கிறது. அதைச் சேமித்து வைக்கும் வழி மூளைக்கு இல்லாததால், இரத்த ஓட்டம் சில நிமிடங்கள் நின்றாலும் நரம்பணுக்கள் மடியத் தொடங்குகின்றன. கழுத்தின் வழியே ஏறும் நான்கு பெருந்தமனிகள் மூளையின் அடிப்பகுதியில் ஒன்றோடொன்று இணைந்து கிளைவிடுகின்றன. அக்கிளைகளிலிருந்து இரு வகைச் சிறு குழாய்கள் மூளைக்குள் நுழைகின்றன. முதல் வகை, மூளையின் மேற்பரப்பில் படர்ந்து, அங்கிருந்து உள்நோக்கி இறங்குகிறது. இரண்டாவது வகை, அடிப்பகுதியிலுள்ள பெரிய தமனியிலிருந்து செங்குத்தாகப் பிரிந்து நேரே ஆழத்திற்குச் செல்கிறது.

இந்த இரண்டாம் வகையிலேதான் அழுத்தத்தின் கொடுமை முதலில் தெரிகிறது. ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் விட்டமுள்ள தமனியிலிருந்து, அரை மில்லிமீட்டரும் இல்லாத குழாய் திடீரெனப் பிரிவதால், உடலின் பிற பகுதிகளில் பல கிளைகளைக் கடந்து படிப்படியாகத் தணியும் அழுத்தம் இங்குத் தணிவதற்கு இடமின்றி நேராக வந்து மோதுகிறது. முதல் வகைக் குழாய்களுக்கு உள்ள இடர் வேறு. மேற்பரப்பிலிருந்து நெடுந்தொலைவு இறங்கி, மூளையின் நடுவே உள்ள நீரறைகளைச் சூழ்ந்த பகுதிக்கு அவை வந்து சேரும்போது இரத்த ஓட்டம் ஏற்கெனவே மெலிந்திருக்கும். ஆகவே அழுத்தம் சற்றுக் குறைந்தாலும் அப்பகுதி பட்டினி கிடக்க நேரிடுகிறது. இரு வகையிலும் ஒரு குழாய் அடைபட்டால் பக்கத்துக் குழாய் கைகொடுப்பது அரிது.

இவ்விரு வகைக் குழாய்களும் ஊட்டி வளர்க்கும் திசுவில் பெரும்பங்கு வெண்பொருள் எனப்படுவது. மூளையின் வெளிப்புறத்தே நரம்பணுக்கள் நிறைந்த சாம்பல் நிறப் பகுதி இருக்க, அவ்வணுக்களை ஒன்றோடொன்று இணைக்கும் நீண்ட இழைகள் கொழுப்புறை போர்த்திக் கட்டுக்கட்டாக உட்புறத்தே செல்கின்றன. அக்கொழுப்பின் நிறத்தால் அப்பகுதி வெண்பொருள் எனப்பட்டது. நடப்பது, திட்டமிடுவது, ஒரு வேலையிலிருந்து மற்றொரு வேலைக்குக் கவனத்தை மாற்றுவது ஆகிய செயல்கள் மூளையின் பல பகுதிகள் ஒத்துழைப்பதால் நடைபெறுகின்றன. ஆகவே இணைப்பிழைகள் கெடும்போது, பகுதிகள் தனித்தனியே நன்றாக இருந்தும், செயல் தாமதப்படுகிறது.

உடல் இந்நுண்குழாய்களைக் காப்பின்றி விட்டுவிடவில்லை. இரத்த அழுத்தம் ஏறும்போது மூளையின் சிறு தமனிகள் தாமாகவே சுருங்கியும், இறங்கும்போது விரிந்தும், மூளைக்குச் செல்லும் இரத்தத்தின் அளவைப் பெரிதும் மாறாமல் காக்கின்றன. நெடுநாள் உயர் அழுத்தத்தில் இருந்தவருக்கு இக்காப்பு முறை உயர்ந்த அளவுக்கே பழகிவிடுவதோடு, குழாய்ச் சுவர் தடித்து விறைத்துவிடுவதால் சுருங்கி விரியும் ஆற்றலும் குறைந்துவிடுகிறது. அந்நிலையில் அழுத்தம் திடீரென ஏறினால் அந்த ஏற்றம் நுண்குழாய் வரை பாய்கிறது; திடீரென இறங்கினால் ஆழ்பகுதிக்கு இரத்தம் போதாமல் போகிறது. நலமான குழாய்க்கு ஏற்ற இறக்கம் பெரிய சுமையன்று. ஏற்கெனவே விறைத்துப்போன குழாய்க்கோ ஏற்றமும் தீங்கு, இறக்கமும் தீங்கு.

சிதைவின் தடயங்கள்

இச்சிதைவு இன்று நேற்றுக் கண்டறியப்பட்டதன்று. இறந்தோரின் மூளையின் ஆழத்தில் சிறு சிறு குழிகள் இருப்பதைப் பிரெஞ்சு மருத்துவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே பதிவு செய்தனர். அக்குழிகளுக்கும் நுண்தமனிகளுக்கும் உள்ள தொடர்பை 1960களில் தெளிவாக நிறுவியவர் கனடாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய நரம்பியல் மருத்துவர் மில்லர் ஃபிஷர். மூளைத் திசுவை வரிசையாக மெல்லிய சீவல்களாக அறுத்து, ஒவ்வொரு குழிக்கும் இட்டுச் சென்ற தமனியை நுண்ணோக்கியில் தேடிப் பின்தொடர்ந்த அவர், அத்தமனியின் சுவர் தசை இழந்து, கொழுப்பும் நாரும் படிந்து, உட்புறம் அடைபட்டிருப்பதைக் கண்டார். அம்மூளைகளுக்குரியோர் பெரும்பாலும் உயர் இரத்த அழுத்தம் உடையவராக இருந்தனர்.

எம்.ஆர்.ஐ. எனப்படும் காந்தப் படப்பதிவு வந்தபின், உயிரோடிருப்போரின் மூளையிலும் இத்தடயங்களைக் காண முடிந்தது. வெண்பொருளில் படத்தில் ஒளிர்ந்து தெரியும் திட்டுகள், 3 முதல் 15 மில்லிமீட்டர் வரையிலான சிறு குழிகள், சுவர் கசிந்த இடங்களில் புள்ளியாகத் தங்கிவிட்ட நுண்ணிய இரத்தக் கசிவுகள் ஆகியவை இவற்றுள் முதன்மையானவை. இவை அனைத்தையும் சேர்த்து மருத்துவர்கள் மூளை நுண்குழாய் நோய் என்கின்றனர். அடைப்பால் வரும் பக்கவாதங்களுள் ஏறத்தாழ நான்கில் ஒன்றும், மூளையின் ஆழத்தில் ஏற்படும் இரத்தக் கசிவுகளுள் பெரும்பாலானவையும் இந்நோயால் விளைபவை. மறதிநோய்க்கும் இது முதன்மையான காரணங்களுள் ஒன்று. பக்கவாதமே வராதவரின் மூளையிலும் இத்தடயங்கள் நிறைந்திருக்கக்கூடும்.

நோய் வெளிப்படும் முறை குடும்பத்தார் எதிர்பார்ப்பதற்கு மாறானது. மறதிநோய் என்றால் பெயரும் முகமும் மறப்பது என்றே பலர் எண்ணுகின்றனர். நுண்குழாய் நோயிலோ நினைவு ஓரளவு நிலைத்திருக்க, வேகமும் ஒழுங்கும் முதலில் குறைகின்றன. வீட்டுக் கணக்கைத் தாமே பார்த்துவந்த மூதாட்டி, மின்கட்டணமும் தண்ணீர்க் கட்டணமும் சேர்ந்து வரும் மாதத்தில் எதை முதலில் செலுத்துவது என்று தடுமாறுவார். நான்கு கறி சமைத்துப் பரிமாறியவர், ஒன்றை அடுப்பில் வைத்துவிட்டு மற்றொன்றை எடுப்பதற்குள் வரிசையைத் தவறவிடுவார். கால் தரையோடு ஒட்டினாற்போல் நடை குறுகும், திரும்பும்போது தடுமாற்றம் வரும், சிறுநீரை அடக்க முடியாமல் விரைய நேரிடும், எதிலும் நாட்டமின்றி ஒதுங்கி அமரும் இயல்பு தோன்றும். கேட்ட கேள்விக்குச் சற்றுத் தாமதமாக ஆனால் சரியாகவே விடை வருவதால், மூளையில் ஏதோ நிகழ்கிறது என்ற ஐயம் வீட்டாருக்கு எழுவதில்லை.

மாறிக்கொண்டே இருக்கும் எண்

நலமுள்ளவரின் இரத்த அழுத்தமும் நாள் முழுதும் ஒரே அளவில் இருப்பதன்று. உறக்கத்தில் அது பகலைக் காட்டிலும் 10 முதல் 20 விழுக்காடு வரை தணிந்து, விழித்தெழும் வேளையில் விரைந்து ஏறுகிறது. இரப்பர் மரத்தின் பால்குழல்களில் அழுத்தம் விடியலுக்கு முன் உச்சத்தில் இருப்பதால்தான் தோட்டத் தொழிலாளர் இருள் பிரியுமுன் பெரட்டு எனப்படும் காலை வருகைப் பதிவுக்குச் சென்று மரம் சீவினர். வெயில் ஏற ஏற மரத்தின் அழுத்தம் தணிந்து பால் நின்றுவிடும். மனித உடலிலோ அதே விடியல் வேளையில் தணிந்திருந்த அழுத்தம் மேலேறத் தொடங்குகிறது. பக்கவாதமும் மாரடைப்பும் காலை வேளையில் மிகுதியாக நேர்வதற்கு இந்த ஏற்றமும் ஒரு காரணம்.

ஜப்பானில் இதயநோய் மருத்துவர் கசுவோமி காரியோவும் அவருடைய குழுவினரும் உயர் அழுத்தமுள்ள முதியோர் 519 பேருக்கு நாள் முழுதும் அழுத்தத்தைப் பதியும் கருவியைப் பொருத்தி ஆராய்ந்து, 2003ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். விடியலில் அழுத்தம் மிகக் கூர்மையாக ஏறியவரின் மூளையில், அவர் அறியாமலே நேர்ந்த சிறு அடைப்புகள் மிகுதியாகக் காணப்பட்டன. பின்வந்த ஆண்டுகளில் பக்கவாதமும் அவருக்கே மிகுதியாக வந்தது. இரவில் தணிய வேண்டிய அழுத்தம் தணியாதிருப்பதும், சிலருக்கு அளவுக்கு மீறித் தணிவதும் மூளைக்கு நல்லதன்று என்பதை அக்குழுவின் பிற ஆய்வுகள் எடுத்துக்காட்டின.

நாளுக்கு நாள் நிகழும் மாற்றத்தை அளந்தது ஜப்பானின் ஹிசாயாமா என்னும் ஊரில் நெடுங்காலமாக நடைபெற்றுவரும் ஆய்வு. அறுபது வயதைக் கடந்த 1,674 பேர் ஏறத்தாழ நான்கு வாரங்கள் வீட்டிலேயே காலைதோறும் அழுத்தத்தை அளந்து குறித்தனர். ஐந்தாண்டுகள் அவர்கள் தொடர்ந்து கவனிக்கப்பட்டனர். எண்கள் மிகுதியாக ஏறி இறங்கிய கால் பகுதியினருக்கு மறதிநோய் வந்த வாய்ப்பு, எண்கள் நிலையாக இருந்த கால் பகுதியினருக்கு வந்ததைப் போல் இரு மடங்குக்கும் மேலாக இருந்தது என 2017ஆம் ஆண்டில் வெளியான அதன் முடிவு கூறியது. சராசரி அழுத்தத்தைக் கணக்கில் கொண்டு கழித்தபின்னும் இவ்வேறுபாடு நின்றது.

மருத்துவரைக் காணச் செல்லும் ஒவ்வொரு முறையும் அழுத்தம் வெவ்வேறாக இருப்பதை முன்பெல்லாம் அளவைப் பிழை என்றே மருத்துவர் கருதினர். 2010ஆம் ஆண்டில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பீட்டர் ராத்வெல், அந்த வேறுபாடே பக்கவாதத்தை முன்னறிவிக்கும் வலுவான அடையாளம் என்று காட்டினார். அம்லோடிபின் என்னும் மாத்திரையை உட்கொண்டோரிடம் ஏற்ற இறக்கம் குறைவாகவும், அட்டெனோலால் என்னும் மாத்திரையை உட்கொண்டோரிடம் மிகுதியாகவும் இருந்தது என்பதும் அதே ஆராய்ச்சியில் தெரியவந்தது. மலேசிய அரசாங்கக் கிளினிக்குகளில் இரத்தக் கொதிப்புக்குப் பரவலாகத் தரப்படும் மாத்திரைகளுள் அம்லோடிபினும் ஒன்று.

இங்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. ஏற்ற இறக்கம் நுண்குழாய்களைக் கெடுக்கிறதா, நுண்குழாய்களும் பெருந்தமனிகளும் ஏற்கெனவே கெட்டுப் போனதால் அழுத்தம் நிலைகொள்ளாமல் ஆடுகிறதா என்னும் கேள்விக்கு முழுமையான விடை இன்னும் கிட்டவில்லை; இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கின்றன என்பதே பல ஆய்வாளரின் கருத்து. ஏற்ற இறக்கத்தை மட்டும் குறிவைத்துக் குறைத்து, அதனால் மறதிநோய் குறைகிறது என்று நிறுவிய சோதனை எதுவும் இதுவரை இல்லை. ஆனால் சராசரியைக் குறைப்பது மூளையைக் காக்கிறது என்பதற்கு உறுதியான சான்று உண்டு. அமெரிக்காவில் ஐம்பது வயதைக் கடந்த 9,361 பேரிடம் நடத்தப்பட்ட ஸ்பிரிண்ட் ஆய்வில், மேல் எண்ணை 120க்குக் கீழ் கொண்டுவந்த குழுவினருக்குச் சிந்தனைத் திறனில் ஏற்படும் தொடக்கநிலைக் குறைபாடு, 140ஐ இலக்காகக் கொண்ட குழுவினரைவிட 19 விழுக்காடு குறைவாக வந்தது. மூளையின் வெண்பொருள் திட்டுகளும் முதற்குழுவினரிடம் மெதுவாகவே வளர்ந்தன. ஆகவே அழுத்தத்தைத் தணிப்பதும், தணிந்த நிலையிலேயே நிலைபெறச் செய்வதும் ஒரே முயற்சியின் இரு கூறுகள்.

அழுத்தம் ஏன் ஆடுகிறது

ஏற்ற இறக்கத்திற்கு மிக எளிய காரணம், மாத்திரையை விட்டுவிட்டு உட்கொள்வது. மலேசியக் குடிமக்கள் அரசாங்கக் கிளினிக்கில் ஒரு ரிங்கிட் கட்டணத்தில் மருத்துவரைக் கண்டு மருந்தும் பெறலாம் என்பது உலகின் பல நாடுகளில் இல்லாத வாய்ப்பு. எனினும் பல மாதங்களுக்கு எழுதித் தரப்படும் மருந்தைத் தவணை தவணையாகச் சென்று வாங்க வேண்டியிருப்பதால், வேலைக்கு விடுப்புக் கிடைக்காதோரும், தனியே பயணம் செய்ய இயலாத முதியோரும் இடையிடையே சில நாள் மருந்தின்றி இருக்க நேரிடுகிறது. தலைவலியோ கிறுகிறுப்போ இல்லாத நாள்களில் கொதிப்பு இல்லையென்று எண்ணி மாத்திரையை நிறுத்துவோரும், கிளினிக்கு நாள் நெருங்கும்போது மட்டும் தவறாமல் உட்கொள்வோரும் உண்டு. அவர்களுடைய கிளினிக்கு அட்டையில் நல்ல எண் பதிவாகும். மற்ற நாள்களில் நுண்குழாய் படும் பாட்டை அந்த அட்டை காட்டாது. மருந்தை அஞ்சலில் பெறும் வசதியும், முன்பதிவு செய்து வாகனத்தில் இருந்தபடியே பெற்றுக்கொள்ளும் வசதியும் பல அரசாங்க மருந்தகங்களில் உண்டு என்பதை இத்தகைய குடும்பங்கள் அறிந்து பயன்படுத்துவது நலம்.

அடுத்த காரணம் உப்பு. மலேசியர் ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 7.9 கிராம் உப்பு உட்கொள்கிறார் என 2017–18இல் நடந்த நாடு தழுவிய ஆய்வு கணித்தது. உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதோ 5 கிராமுக்கும் குறைவு, அதாவது ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. கருவாடு, நெத்திலி, ஊறுகாய், அப்பளம் ஆகிய தமிழ்ச் சமையலின் உப்போடு, பெலாச்சான், கிச்சாப், உடனடி மீ ஆகியவற்றின் உப்பும் சேர்ந்தது மலேசியத் தமிழரின் தட்டு. புந்தோங்கில் தமிழ்க் குடும்பங்கள் தொடங்கி நாடெங்கும் பெயர்பெறச் செய்த கச்சாங் பூத்தேயும் முறுக்கும் ஈப்போவின் பெருமைக்குரிய பண்டங்கள். கொதிப்புள்ளவர் அவற்றை அன்றாடத் தீனியாக்காமல் அளவோடு உண்பதே தகும். உப்புக்கு எளிதில் ஆட்படும் உடலில், விருந்துக்கு மறுநாளே அழுத்தம் ஏறியிருப்பதைக் காணலாம்.

உப்பைக் குறைப்பதால் பக்கவாதம் குறையும் என்பது வெறும் அறிவுரையன்று. சீனாவில் 600 சிற்றூர்களில் 20,995 பேரிடம் நடத்தி 2021ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட சோதனையில், வழக்கமான உப்புக்குப் பதிலாக அதில் ஒரு பகுதியைப் பொட்டாசியம் குளோரைடாக மாற்றிய உப்பைப் பயன்படுத்திய ஊர்களில் பக்கவாதம் 14 விழுக்காடு குறைந்தது. சிறுநீரகம் பழுதுற்றவருக்கும் சில வகை மாத்திரை உட்கொள்வோருக்கும் பொட்டாசியம் கேடு விளைவிக்கக்கூடும் என்பதால், இனிப்புநீர் மிகுந்த சமூகத்தில் இம்மாற்று உப்பை மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

வேறு காரணங்கள் வாழ்க்கை முறையிலிருந்து வருபவை. தோட்டத்தை விட்டு வந்தோருள் பலருக்குக் காவலாளி வேலையும் தொழிற்சாலையின் இரவு முறை வேலையும் வாய்த்தன. உறங்க வேண்டிய வேளையில் விழித்திருக்கும் உடலில் இரவுத் தணிவு நிகழ்வதில்லை. உரத்த குறட்டையும் இடையிடையே மூச்சு நின்று திணறுவதும் உள்ளவருக்கு, அத்திணறல் ஒவ்வொன்றிலும் அழுத்தம் பாய்ந்து ஏறுகிறது. தோட்டப்புறக் குடும்பங்களை நெடுங்காலம் வாட்டிய கள்ளும் சம்சுவும், குடித்த சில மணி நேரம் அழுத்தத்தைத் தணிப்பது போல் காட்டிப் பின்னர் ஏற்றிவிடுகின்றன. பெருங்குடியர் திடீரென நிறுத்தும் நாள்களில் அது ஆபத்தான அளவுக்கு உயரக்கூடும். மூட்டுவலிக்கு மருந்துக் கடையில் தாமே வாங்கி விழுங்கும் வலிநிவாரணிகளும் அழுத்தத்தை ஏற்றும். பாரம்பரிய மருந்து என்ற பெயரில் விற்கப்படும் சில பொட்டலங்களில் ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு மீண்டும் மீண்டும் கண்டறிந்து எச்சரித்துள்ளது. வலி உடனே பறந்துவிடும் மருந்தின் மேல் ஐயம் கொள்வதே அறிவுடைமை.

வீட்டில் அளக்கும் முறை

நாளொன்றுக்கு இதயம் ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பும் ஓர் அழுத்தம். மூன்று மாதத்திற்கோ ஆறு மாதத்திற்கோ ஒரு முறை கிளினிக்கில் எடுக்கப்படும் ஓரிரு அளவைகளைக் கொண்டு அத்தனையையும் மதிப்பிட மருத்துவரால் இயலாது. மருத்துவரைக் கண்டதும் அழுத்தம் ஏறுவோர் உண்டு. கிளினிக்கில் நன்றாக இருந்து வீட்டில் ஏறியிருப்போரும் உண்டு. ஆகவே நிலையையும் மாற்றத்தையும் அறிய ஏற்ற வழி, மேற்கையில் பட்டை சுற்றும் மின்னணுக் கருவியைக் கொண்டு வீட்டிலேயே அளப்பது. மணிக்கட்டுக் கருவி அவ்வளவு நம்பத்தக்கதன்று. பருத்த கைக்குப் பெரிய பட்டை வேண்டும், இல்லையேல் எண் பொய்யாக உயர்ந்து தெரியும்.

அளக்குமுன் அரை மணி நேரம் காப்பி, தேநீர், புகை ஆகியவற்றைத் தவிர்த்து, சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, பாதம் தரையில் படிய, கால்மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் அமைதியாக அமர வேண்டும். பட்டையைச் சட்டைக் கையின் மேல் சுற்றாமல் வெறுங்கையில் சுற்றி, கையை இதயத்தின் உயரத்தில் மேசைமேல் வைத்து, பேசாமலிருந்து, ஒரு நிமிட இடைவெளியில் இரு முறை அளக்க வேண்டும். காலையில் மாத்திரைக்கும் பசியாறலுக்கும் முன்னும், இரவில் படுக்கைக்கு முன்னுமாக ஏழு நாள்கள் அளந்து, முதல் நாள் எண்களை நீக்கிவிட்டு மற்றவற்றின் சராசரியைக் காண வேண்டும். அது 135/85 அல்லது அதற்கு மேல் இருந்தால் உயர் அழுத்தம் எனக் கொள்ளலாம். சராசரியோடு, மிக உயர்ந்த எண்ணையும் மிகத் தாழ்ந்த எண்ணையும் மருத்துவரிடம் காட்டுவது அவருக்குப் பெரிதும் உதவும். தனியொரு நாளின் ஓர் எண்ணைக் கண்டு அஞ்சி மாத்திரையைக் கூட்டுவதோ குறைப்பதோ கூடாது.

முதியோருக்கும் நெடுநாள் இனிப்புநீர் உள்ளவர்க்கும் மற்றோர் அளவை தேவை. அமர்ந்தோ படுத்தோ அளந்தபின், எழுந்து நின்று ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் மீண்டும் அளக்கும்போது மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால், நிற்கையில் மூளைக்கு இரத்தம் குறைகிறது என்று பொருள். எழுந்ததும் கண் இருளுதல், விழுதல் ஆகியவை இதனால் நேர்கின்றன. இத்தகையவர் மருந்தைத் தாமே நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும். ஸ்பிரிண்ட் ஆய்வின் தாழ்ந்த இலக்கு எல்லா முதியோருக்கும் பொருந்துவதன்று.

மருந்தைப் பொறுத்தவரை, நாள் முழுதும் நின்று செயல்படும் மாத்திரையை ஒரே வேளையில் தவறாமல் உட்கொள்வதே நிலைத்தன்மைக்கு வழி. அதைக் காலையில் உட்கொள்வது நல்லதா இரவிலா என்று பிரிட்டனில் 21,000க்கும் மேற்பட்டோரிடம் நடத்தி 2022ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட சோதனை, இரண்டிற்கும் வேறுபாடில்லை என்று கண்டது. மறக்காமல் உட்கொள்ளக்கூடிய வேளையே நல்ல வேளை. சில மாத்திரைகளைத் திடீரென நிறுத்தினால் அழுத்தம் முன்பிருந்ததைவிட மேலே பாயும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். அத்தனைக்கும் மேலாக, முகம் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, அது தானே சரியாகிவிட்டாலும், காத்திராமல் 999ஐ அழைக்க வேண்டும். அடைப்பைக் கரைக்கும் மருந்து முதல் நாலரை மணி நேரத்திற்குள் தரப்படுவது.

சமூகம் செய்யத்தக்கது

கோயில் மண்டபங்களிலும் பொது அமைப்புகளின் நிகழ்ச்சிகளிலும் இலவச இரத்த அழுத்தப் பரிசோதனை நடத்தும் வழக்கம் மலேசியத் தமிழரிடையே வேரூன்றியுள்ளது. நோய் இருப்பதை அறியாதவரைக் கண்டுபிடிக்க அது உதவுகிறது. ஆனால் ஏற்கெனவே நோயுள்ளவருக்கு ஆண்டுக்கொரு முறை ஓர் எண்ணைச் சொல்லி அனுப்புவதால் பயன் சிறிதே. அதே அமைப்புகள், தரமான கருவிகள் சிலவற்றை வாங்கி வைத்து, குடும்பத்திற்கு ஒரு வாரம் என இரவல் தந்து, அளக்கும் முறையையும் ஏட்டில் குறிக்கும் முறையையும் கற்றுத்தந்தால், ஜெலாப்பாங் போன்ற வட்டாரத்தின் முதியோர் ஒவ்வொருவரும் ஏழு நாள் பதிவோடு கிளினிக்குச் செல்ல இயலும். பரபரப்பான கிளினிக்கில் மருத்துவருக்குக் கிடைக்கும் சில நிமிடங்களில், அந்த ஒரு தாள் நெடுநேர விசாரணைக்கு ஈடாகும்.

குடும்பத்தார் பங்கு அதனினும் பெரிது. நடை மாறியதையும், கணக்கில் தடுமாற்றம் வந்ததையும், மாத்திரைப் பொட்டலம் தீர வேண்டிய நாளில் தீராமல் மிஞ்சியிருப்பதையும் முதலில் காணக்கூடியவர் மகளும் மருமகளும் பேரப்பிள்ளையுமே. வெண்பொருளில் ஏற்பட்டுவிட்ட குழியை எந்த மருந்தும் நிரப்புவதில்லை. அடுத்த குழி விழாமல் தடுப்பதும், திட்டு வளரும் வேகத்தைக் குறைப்பதும் இயலும். அதற்கு வேண்டுவன அன்றாடம் தவறாத மாத்திரையும், அளந்து இட்ட உப்பும், நல்ல உறக்கமும், வீட்டில் எழுதி வைத்த எண்களுமே. நாற்பது வயதில் இவற்றைத் தொடங்குவோர் எழுபதில் தம் கணக்கைத் தாமே பார்த்து, தம் காலால் தாமே நடக்கும் வாய்ப்பைப் பெருக்கிக்கொள்கின்றனர். எழுபதில் தொடங்குவோருக்கும் பயன் உண்டு என்பதால், எந்த வீடும் இதைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.